பூசணம் வளர்க்கப் போன மருந்து மேஸ்திரி

சென்றாயன் மாமா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது மிகக் குறைவு. சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்தவைத்து, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பவர் போலத்தான் இருப்பார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். "உக்காந்தா வண்டி மெதுவாப் போறாப்ல இருக்குது மாப்ளே" என்பார். அப்படிப்பட்ட மனிதர், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே முக்கால்வாசி வேலையாக உள்ள ஒரு தொழிலில் போய் இறங்கினார். அது 1986ஆம் வருடம்.

அவருக்கு ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு. எனக்கும் அதே ஊர்தான். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு எஸ்டேட்டில் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், இருபத்திரண்டு வயதில் மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். பிறகு அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரியானார். காப்பிச் செடிக்கு வரும் பெரிய நோய்கள் எல்லாம் பூசண நோய்கள்தான். இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்து உதிர்க்கும் இலைத்துரு நோய் ஒன்று. மழைக்காலத்தில் கொத்தோடு அழுக வைக்கும் கருப்பழுகல் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து போர்டோ. மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். அதை ஊற்றிய ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்க வேண்டும். பதினெட்டு வருடம் அதைச் செய்தார். அவருடைய நகக்கண்கள் நீலமாக இருக்கும். வேட்டி துவைத்த தண்ணீர் நீலமாக ஓடும். சுண்ணாம்பு தின்ற உள்ளங்கை, வெயில்காலத்து ஏரி மண்போல வெடித்திருக்கும்.

புதுத் தொழிலில் இறங்குவதற்கு முந்தைய வருடம் ஏற்காட்டுக் கோடை விழாவில் ஒரு கண்காட்சிக் கடைமுன் அவர் நின்றுவிட்டார். உறியில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் பையின் நான்கு பக்கமும் சிப்பி சிப்பியாகக் காளான் பூத்திருந்தது. மழை இல்லை, இடி இல்லை, கரையான் புற்று இல்லை. இது என்ன என்று கேட்டிருக்கிறார். இதுவும் ஒரு வகைப் பூசணம்தான் என்று அங்கே இருந்தவர் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னதை அத்தை பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்:

"பூசணத்தக் கொல்றதுக்கு எனக்குக் கூலி. அந்தாளு அதே பூசணத்த வளத்து, எல்லாரும் வந்து பாருங்கன்னு காட்டறான். நானும் ஒன்னையாவது வளத்துப் பாக்கோணும் காளியாயி."

மாசி மாதம் காப்பி அறுவடை முடிந்ததும் எஸ்டேட்டில் லீவு கேட்டார். மானேஜர் வைகாசி முதல் மருந்தடிப்புவரை கொடுத்தார். அன்று வரவில்லையென்றால் மேஸ்திரி வேலை அடுத்த ஆளுக்கு. வந்தால் அடுத்த அறுவடைவரை லீவு என்ற பேச்சே கூடாது. மாமா ஒத்துக்கொண்டு, தமக்குத் தாமே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அதற்குள் ஒரே ஒரு பாட்டில் காளான் விதையாவது தன் கையால் உண்டாக்கிவிட வேண்டும். உண்டாகிவிட்டால் இனி ஸ்பிரேயர் தூக்குவதில்லை. இல்லையென்றால் மறுபடி நீல வேட்டி.

கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். சட்டைப் பையில், பஞ்சில் சுற்றி, ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதற்குள் சாய்வாக உறைந்த உருளைக்கிழங்குக் கூழின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பஞ்சுப் படலம். அதுதான் தாய். அதில் ஒரு துணுக்கை வெட்டி, வேகவைத்துக் கிருமி நீக்கிய சோளம் உள்ள பாட்டிலில் இட வேண்டும். தாயின் வெள்ளை நூல்கள் சோளத்துக்குச் சோளம் தாவி, பதினைந்து நாளில் பாட்டில் முழுவதும் வெள்ளையாகிவிடும். அந்தச் சோளம்தான் காளான் விதை. அதை வைக்கோலில் தூவினால்தான் காளான். இரண்டாவது தாய் வேண்டுமென்றால் அடுத்த பயிற்சிவரை காத்திருக்க வேண்டும்.

நான் அதற்கு முந்தைய வருடம்தான் சேலத்தில் தாவரவியல் முடித்துவிட்டு வந்திருந்தேன். கொட்டச்சேட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்ட அப்பா சேலத்துக்கே தனியாக ஒருமுறை போய்வந்தார். அதனால் பயிற்சியில் கொடுத்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மாமா நேராக என்னிடம்தான் வந்தார்.

"மாப்ளே, இதெல்லாம் உன்ற படிப்புல வருதா?"

"வருதுங்க மாமா."

"அப்ப வா. படிச்சதச் செஞ்சு பாக்கலாம்."

அவருடைய வீட்டில் காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கும் பக்கத்து அறைதான் ஆய்வுக்கூடம். ஆஸ்பத்திரியில் ஏற்றித் தூக்கிப்போட்ட குளுக்கோஸ் பாட்டில்களைச் சேகரித்துக் கழுவினோம். ஏற்காட்டில் ஓட்டல் வைத்திருந்த கந்தசாமி என்பவர் தம்முடைய பெரிய பிரஷர் குக்கரைத் திங்கட்கிழமைகளில் தர ஒப்புக்கொண்டார். அன்று அவருக்குக் கூட்டம் இருக்காது. பழப்பெட்டிப் பலகையில் ஒரு கூண்டு அடித்தோம். அதன் முன்பக்கம் படச்சட்டக் கண்ணாடி. கீழே கை நுழைய இரண்டு ஓட்டை, ஓட்டைகளுக்கு மாமாவின் பழைய சட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு கை. காற்றில் பறக்கும் கண்ணுக்குத் தெரியாத பூசண வித்துகள் பாட்டிலுக்குள் விழாமல் தாயைப் பிரித்து இடுவதற்கான கூண்டு அது. மைப்புட்டியில் திரி போட்டு ஸ்பிரிட் விளக்கும் செய்தோம். ஊரிலிருந்து ஆள் ஆளாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் எட்டுப் பாட்டிலும் ஆறாம் நாள் பச்சையாகிவிட்டன. பாசி இல்லை, பச்சைப் பூசணம். காரணம் கண்டுபிடிக்க நோட்டே தேவைப்படவில்லை. அறையின் தரை சாணி மெழுகியது. மாமாவோ மணிக்கு நான்கு தடவை உள்ளே போய், பாட்டிலைத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்து, போதாததற்குப் பஞ்சைச் சற்றே நெகிழ்த்தி முகர்ந்தும் பார்த்திருக்கிறார்.

"எதுக்குங்க மாமா மோந்து பாத்தீங்க?"

"கெட்டுப் போச்சான்னு பாத்தேன் மாப்ளே."

"நீங்க மோந்து பாத்ததுலதான் கெட்டுச்சு."

காளியாயி அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னார்: "அடை வெச்ச கோழியத் தூக்கித் தூக்கி முட்டையப் பாத்தா குஞ்சு வருமா? இந்த மனுசன் அடை வெச்ச அன்னிக்கே குஞ்சுக்குப் பேரு வெக்கறவரு." ஆனால் சாணித் தரையைப் பெயர்த்துச் சிமெண்டு போட வேண்டுமென்று நான் சொன்னதும் அத்தைக்குக் கோபம் வந்தது. "சாணி போட்டா அசிங்கமா? உன்ற காலேஜுல அப்படியா சொல்லிக் குடுத்தாங்க?" என்று என்னை ஒரு பிடி பிடித்தார். கடைசியில் அந்த ஓர் அறைக்கு மட்டும் சம்மதித்தார்.

இந்தத் தடவை எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டுமென்று மாமா வெறிகொண்டு அலைந்தார். சோளம் ஊறவைத்த அண்டாவின் விளிம்பில் பச்சைக் களிம்பு இருக்கிறது, அது கூடாது என்றார். காலையில் எஸ்டேட் பக்கம் போனவர் மத்தியானம் ஒரு மரத்தொட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். பலாமரத்தில் அவரே குடைந்த தொட்டி. எஸ்டேட்டில் பிளாஸ்டிக் டிரம் வந்த பிறகு ஷெட்டின் மூலையில் சும்மா கிடந்ததாம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் முருகேசனிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். புளி போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, என்னைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார்.

"பதினெட்டு வருசமா மழையிலயும் ஈரத்துலயும் கெடந்த தொட்டி. ஒரு நாளு இதுல பூசணம் புடிச்சுப் பாத்ததில்ல மாப்ளே. இதவிடச் சுத்தமான ஏனம் இந்த மலையில கெடையாது."

நானும் தலையாட்டினேன். தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கியவன் தலையாட்டினேன்.

இரண்டாம் தடவை ஒரு பாட்டிலும் பச்சையாகவில்லை. கருப்பாகவில்லை, நாறவில்லை. ஆனால் வெள்ளையாகவும் இல்லை. தாயிலிருந்து வெட்டிப்போட்ட துணுக்கு, சோளத்தின் மேல் உப்புக்கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம், பத்து நாள், பதினைந்து நாள். நூல் ஒன்றுகூட அடுத்த சோளத்துக்கு இறங்கவில்லை. கெட்டுப்போயிருந்தாலாவது தூக்கி எறியலாம். இது கெடவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்த காரணத்தையெல்லாம் சொன்னேன். துணுக்கைத் தீயில் அதிகம் காட்டியிருப்போம் என்றேன். சோளம் குழைந்திருக்கும் என்றேன். மலைக் குளிர் அறைக்குள் இறங்கி வளரவிடாமல் செய்திருக்கும் என்றேன். மூன்றாம் தடவை அத்தனையும் மாற்றிச் செய்தோம். பாட்டில்களுக்குச் சாக்குப் போர்த்தினோம். மறுபடி அதே உப்புக்கல்.

சித்திரை பாதி போய்விட்டது. மாமா இரண்டு இடத்துக்கு நடுவில் மட்டும் நடந்துகொண்டிருந்தார்: அறைக் கதவுக்கும் வாசல் கொய்யா மரத்துக்கும். அங்கே புல் செத்துத் தடமே விழுந்துவிட்டது. டீக்கடைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். அங்கேதான் செல்லப்பன் இருப்பான். மருந்துக் கூட்டத்தில் மாமாவுக்கு அடுத்த ஆள் அவன். மேஸ்திரி வேலை அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. ஒருநாள் நானும் மாமாவும் வரும்போது வழியிலேயே பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி, எலத்துரு எங்கிட்ட வழி கேட்டுதுங்க."

"என்ன வழி?"

"உங்க ஊட்டுக்குத்தான். இத்தன நாளு எங்கள வெரட்டுன மனுசன் இப்ப எங்க சாதிசனத்துக்கெல்லாம் பாட்டல்ல சோறு போடறாராமேன்னு கேட்டுச்சு."

"வரச் சொல்லுடா. ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்து அனுப்பறேன்" என்று மாமா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வளைவு தாண்டியதும், "திங்கக்கெழமைக்கு இன்னும் எத்தன நாளு மாப்ளே?" என்று கேட்டார். வைகாசி முதல் திங்கட்கிழமைதான் மருந்தடிப்பு தொடங்கும் நாள். இருபது நாள் என்றேன். அவர் நடையை எட்டிப் போட்டார்.

தாய்க் குழாயில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. அதை வைத்து ஆறு பாட்டில் போடலாம், அதோடு சரி. போடலாமா வேண்டாமா என்றே மாமா இரண்டு வாரத்தை ஓட்டினார். எடுப்பார், பார்ப்பார், வைப்பார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சோளத்தை அதே தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மூட்டையின் தையலை அறுத்த கத்தி அவருடைய அவசரத்தில் சோளத்தோடு தொட்டிக்குள் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை விடியற்காலை நான் போனபோது, அத்தை தொட்டிக்குள் கைவிட்டுச் சோளத்தை அலசிக்கொண்டிருந்தார். வெயில்காலம், ஒரு ராத்திரியிலேயே ஊறல் தண்ணீர் புளித்து, நீராகாரம் போல வாடை அடித்தது. அத்தையின் விரலில் கத்தி தட்டுப்பட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க வாங்க. இந்தக் கத்தியப் பாருங்க. யாரோ செம்பு பூசினாப்ல இருக்குது."

மாமா வாங்கினார். அலகு முழுவதும் செவசெவ என்று இருந்தது. துரு இல்லை. கட்டைவிரலால் தேய்த்தார், பளபளத்தது. அப்படியே தொட்டியின் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்க மாமா?" என்றேன்.

"தெனமும் நான் பாக்கற பரிட்ச மாப்ளே இது. போர்டோ கலக்குனதும் தீட்டுன கத்திய உள்ள முக்கி எடுக்கோணும். கத்தி செவந்தா துத்தம் இன்னும் அடங்கலன்னு அர்த்தம். அப்படியே அடிச்சா செடி கருகிப் போவும். இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு போடோணும்." தொட்டியை விரலால் சுண்டினார். "துத்தம் கரைச்ச தொட்டி இது. இத்தன வருசமாக் குடிச்ச துத்தமெல்லாம் இந்த மரத்துக்குள்ளதான் இருக்குது. புளிச்ச தண்ணி அத உறிஞ்சி எடுக்குது. நாம அதுலதான் சோளத்த ஊற வெச்சு, இந்தா தின்னுன்னு பூசணத்துக்குக் குடுத்திருக்கறோம்."

அந்தத் தொட்டியில் பதினெட்டு வருடம் ஏன் பூசணம் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. போர்டோ பூசணத்தைக் கொல்லும் என்று நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன். அவர் அதையே தொழிலாகச் செய்தவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத்தான் சுத்தம் என்று நம்பியிருக்கிறோம்.

அத்தைதான் முதலில் சிரித்தார். "குழந்தைக்குப் பாலு ஊத்தறமின்னு விசத்த ஊத்திப்புட்டு, ஏன் வளர மாட்டீங்குதுன்னு ரெண்டு மாசமா நாடி புடிச்சுப் பாத்திருக்கறீங்க மாமனும் மருமவனும்!" பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்தச் சோளத்தை மாட்டுக்குக்கூட வைக்காமல் குழி தோண்டிக் கொட்டினோம்.

வேறு சோளம் வாங்கி, அத்தையின் சோற்றுப் பானையில் வேகவைத்து, கந்தசாமியிடம் போய் நின்று, திங்கட்கிழமை இல்லாவிட்டாலும் குக்கரை வாங்கி வந்து, வியாழக்கிழமை மத்தியானம் ஆறு பாட்டிலிலும் தாயின் கடைசித் துணுக்குகளை இட்டோம். கூண்டுக்குள் முதலில் மாமாதான் கையை விட்டார். இரண்டு பாட்டிலுக்குப் பிறகு எழுந்துகொண்டார். "நீ போடு காளியாயி. எனக்குக் கையி நிக்கல." அத்தை வளையலைக் கழற்றிவைத்துவிட்டு, சட்டைக் கைக்குள் கையை நுழைத்து, ஊசியில் நூல் கோப்பதுபோல மிச்சம் நான்கையும் போட்டார்.

திங்கட்கிழமைக்கு இடையில் மூன்று நாள்தான் இருந்தது. பாட்டில் வெள்ளையாகப் பதினைந்து நாள் வேண்டும். எந்தக் கணக்குப் போட்டாலும் ஒட்டவில்லை. எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் அடுத்த அறுவடைவரை இந்தப் பக்கம் திரும்ப முடியாது. போகாமல் இருந்து இதுவும் உப்புக்கல்லாகவே கிடந்தால் மேஸ்திரி வேலையும் இல்லை, தாயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் விறகு பிளந்தார். எங்கள் வீட்டுக்கும் சேர்த்துப் பிளந்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பினார். "உன்ற காலேஜ் பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வா."

நான்காவது பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மாமா பார்த்தார். என்னிடம் கொடுத்தார். நான் பார்த்தேன். துணுக்கைச் சுற்றி ஒரு மென்மையான புகை மாதிரி. அதிலிருந்து ஒரு மயிரிழை கீழே இறங்கி, தொட்டுக்கொண்டிருந்த சோளம் ஒன்றைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஒரே ஒரு சோளம்.

மாமா பாட்டிலை எடுத்த இடத்தில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். எஸ்டேட் ஷெட் முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஸ்பிரேயர்கள் கழுவி வைக்கப்பட்டிருந்தன. ரைட்டர் முருகேசன் பேர் கூப்பிட்டார்.

"சென்றாயன்!"

"இருக்கறனுங்க. ஆனா வரலீங்க."

ரைட்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னய்யா, இருக்கறயா, இல்லியா?"

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க. மருந்தடிக்க வரலீங்க. இனி வரமாட்டனுங்க."

"காளான் வந்துருச்சா?"

"ஒரு சோளத்தப் புடிச்சிருக்குதுங்க."

"ஒரு மூட்டைச் சோளத்தையா?"

"இல்லீங்க. ஒரு சோளத்த."

வரிசையே சிரித்தது. செல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மேஸ்திரி நிற்கும் இடத்துக்கு அவன் ஓர் அடி முன்னால் வந்து நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, பழைய இடத்துக்கே போனான். ரைட்டர் அவன் பேரைக் கூப்பிட்ட பிறகுதான் மறுபடி வந்தான். மாமா அவனிடம், "சுண்ணாம்ப நல்லா வடிகட்டு, இல்லாட்டி ஸ்பிரேயர் வாயி அடைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அத்தையிடம் அவர் சொல்லாமல்தான் வந்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அத்தை கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "அந்தக் கண்ணாடியக் குடு கண்ணு. எந்தச் சோளத்த நம்பி இவரு வேலைய உட்டாருன்னு நானும் பாக்கறேன்." பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். "நூலாட்டந்தான் இருக்குது" என்றார். பாட்டிலை வைத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "இனி பன்னண்டு நாளைக்கு இந்தப் பக்கம் நீங்க வரப்படாது. வந்தீங்கன்னா உங்களைய உள்ள வெச்சுப் பூட்டிப் போடுவேன்."

அந்தப் பன்னிரண்டு நாள் மாமா கொட்டச்சேட்டில் சரிந்து கிடந்த வேலிகளையெல்லாம் கட்டினார். யாரும் கேட்கவில்லை. தலைச்சோலை கிராமத்துக்கு நடந்து போய், அங்கே யாரையும் பார்க்காமல், அப்படியே நடந்து திரும்பினார். சேர்வராயன் கோயில் விசேஷத்துக்கு மலையே போனபோது அவரும் போனார். தேர் நகர்வதற்குள் திரும்பி வந்து, பூட்டிய கதவின் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரே இருட்டு.

பன்னிரண்டு நாள் முடிந்தபோது நான் வேலைக்கு ஒரு நேர்காணலுக்காகச் சேலம் போயிருந்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பியவன் பையை வீட்டில் போட்டுவிட்டு நேராக அங்கே போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. ஆறில் இரண்டு பாட்டில் பச்சை. மாமா போட்டவை எவை, அத்தை போட்டவை எவை என்று நான் கேட்கவில்லை. மற்ற நான்கும் அடியிலிருந்து கழுத்துவரை, ஒரு சோளம்கூட வெளியே தெரியாமல், பால் உறைந்ததுபோல வெள்ளை.

"மாமா எங்கீங்க அத்தை?"

அத்தை கொல்லையில் பெரிய அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளையானத அவருக்குக் காட்டுனதே தப்பாப் போச்சு. நாலு பாட்டலையும் ஒரு தரம் குலுக்கிப் பாத்தாரு. உக்காந்து ஒரு வாய் டீ குடிங்கன்னேன். இனித்தான் வைக்கோலு வேணும், மலையில நெல்லு ஏது வைக்கோலு ஏதுன்னுட்டு, மொதப் பஸ்ஸுல அடிவாரத்துக்குப் போயிட்டாரு. துண்டக்கூட எடுக்கல."

"எப்ப வருவாரு?"

"வைக்கோலோட வருவாரு. வந்ததும் வராததுமா வேக வெக்கறேன்னு குதிப்பாரு. அதுக்குள்ள தண்ணி கொதிச்சிருக்கோணும்." அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். "அந்தப் பக்கம் ஒரு கையி புடி கண்ணு."

பிடித்தேன். நல்ல கனம்.